நீலத் துவக்கு

மனையாவெளியில் பழைய ஐஸ் வாடி.
மீன் போய் வருடங்கள், மணம் போகவில்லை.
சீமெந்து நிலத்தில் நாலு மெத்தை.
சுவரில் கரியால் கீறிய ஒரு ஆள்,
கண், தொண்டை, முழங்கால் மூன்றிலும்
சிவப்பு வட்டம்.

பதினொரு பெண்கள் நாங்கள்.
கம்பனி தந்த காற்சட்டை எல்லோருக்கும் ஒரே அளவு.
டொறினுக்கு மூச்சு முட்டுகிறது,
நான் இடுப்பில் ஊசி குத்தி நிற்கிறேன்.

நிஃமத் மாஸ்டர் கிண்ணியாக்காரர்.
இடது காது கேட்காது. ஆகவே
கேள்வி உள்ளவர்கள் வலப்பக்கம் நிற்க வேண்டும்.
முதற் பாடம் ஓடுவது.
"காசு கம்பனியின்ர. கழுத்து உங்கட."
சஃபீனா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் கிழமை மணிக்கட்டு.
பிடித்தவனின் பெருவிரல் பக்கமாகத் திருப்பு,
எந்தப் பிடிக்கும் வாசல் அங்கேதான் என்றார்.
அன்றிரவு சோறு வடித்துவிட்டு
என் மணிக்கட்டை நானே பிடித்துத்
திருப்பிப் பார்த்தேன்.
கழன்றது.
இவ்வளவு சுகமா என்று கோபம் வந்தது.

மூன்றாம் கிழமை நீல றப்பர் துவக்கு.
சுடாது. கீழே போட்டால் துள்ளும்.
"இப்ப நான் கள்ளன்" என்று
நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

செய்யவேண்டியது எனக்குப் பாடம்:
இரண்டு கையும் மேலே, பயந்தவள் மாதிரி.
அரை அடி விலகு. குழலைத் தட்டு.
மணிக்கட்டை மடக்கு. பறி. பின்னால் போ.

இடது கை மேலே போனது.
வலது கை காற்சட்டைப் பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தேடியது.

தர்மினிதான் முதலில் சிரித்தாள்.
பிறகு அவளுடைய முறை வந்தது.
துவக்கைக் கண்டதும் குனிந்து
தோளில் இல்லாத ஒரு பையை
சிப் இழுத்துத் திறந்து காட்டினாள்.

மாஸ்டர் துவக்கை இறக்கினார்.
"இது எனக்கு நாலாவது வகுப்பு.
எல்லா வகுப்பிலயும் இந்த இடத்திலதான்
தேத்தண்ணி குடிக்கிறது."

தேத்தண்ணிக்குப் பிறகு முப்பது தரம்.
இருபத்தாறாவது தரம் கை பைக்குப் போகவில்லை.
இருபத்தேழாவது தரம் போனது.

சீனன்குடாப் பக்கம் பற்றைக்காட்டில்
ஆளுக்கு நாலு தோட்டா. எண்ணித் தந்து
கோதையும் எண்ணி வாங்கினார்கள்.
"சுடுற நேரம் மட்டும் விரல் உள்ளுக்கு.
மிச்ச நேரம் எல்லாம் வெளிய, நீட்டி, இரும்பில.
நித்திரையிலயும் வெளிய."
முதல் வெடி மண்ணுக்கு.
மூன்றாவது கடதாசி மனிதனின் இடுப்புக்கு.
தூரத்தில் கேட்டே வளர்ந்த சத்தம்.
தூரத்தில் என்றால் யாருக்கோ என்று நினைக்கலாம்.
இங்கே நினைப்பதற்குள் தோளில் இடித்து முடிந்துவிடுகிறது.
இரண்டு கிழமை அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவில்லை.

இப்போது என்.சி. வீதியில்
நகை அடைவு பிடிக்கும் கம்பனி வாசலில் நிற்கிறேன்,
விடிய எட்டிலிருந்து பொழுதுபட எட்டு.
எதிரே ஒரு மான் பொலித்தீனோடு சோற்றைத் தின்னும்.
லொறி ரயர் வெடித்தாலும் நிமிராது,
யாரும் பையைச் சரசரத்தால் பாய்ந்துவிடும்.

நேற்று ஒருவர் வந்தார்.
கையில் அடைவுத் துண்டு, நாலாக மடித்தது.
மகளின் காப்பை மீட்க வந்திருக்க வேண்டும்.
படியில் கால் வைத்தவர் துவக்கைக் கண்டார்.
பிறகு என்னை.
துண்டை வாயில் கவ்விக்கொண்டு
சட்டைப் பையில் விரல் விட்டு
அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

நான் கேட்கவில்லை.
"வேண்டாம், உள்ளுக்குப் போங்கோ" என்றேன்.
கை அப்படியே நின்றது. நடுங்கவும் இல்லை,
அவ்வளவு பழகிய கை.
வெய்யில். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

வாங்கிப் பார்த்தேன்.
படத்தில் அவருக்கு முடி இருந்தது.
திருப்பிக் கொடுத்துவிட்டு
அவசரமாக என் மற்றக் கையைக் குனிந்து பார்த்தேன்.

விரல் வெளியேதான் இருந்தது.